நாலாவது குழாய்

கொல்லிமலையில், எடப்புளி நாட்டில் எங்கள் ஊருக்கு ஒரே மைக்செட்காரர் அர்த்தனாரி. காதுகுத்து, சீர், கோயில் பொங்கல், எதுவானாலும் ஆம்ப்ளிஃபயரைத் தோளில் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்துவிடுவார். விருந்துக்கு அடுப்பு மூட்டுவதற்குள் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஏறிவிடும். பாட்டின் நடுவே வருகிற புல்லாங்குழலையோ வயலினையோ யாருக்காகவும் வெட்ட மாட்டார். ஒரு கல்யாணத்தில் மைக்கைக் கேட்டு ஊர்க்கவுண்டர் கையை நீட்டினார். வயலின் முடிகிற வரைக்கும் நீட்டியபடியே நின்றார். அன்றைக்கு மரத்துப்போன கைக்கு இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை என்பதை நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும்.

பாடகர்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தடித்த இனிப்புக் குரல் உள்ள அம்மாள் பலாச்சுளை. உச்சத்தில் சுரீரென்று ஏறுகிறவர் மிளகு. வயசான பிறகும் மணிமணியாக உதிர்கிற குரல் சாமை. "காலைல மிளகு, சாப்பாட்டு நேரத்துக்குப் பலாச்சுளை" என்று அவர் சொன்னதைக் கேட்டு, வெளியூர் மாப்பிள்ளை ஒருவர் இலையை மூடாமல் பந்தியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பாட்டு மட்டுமல்ல, படத்தில் யாரும் பேசாத இடத்தில் ஓடுகிற இசையும் அவருக்கு உயிர். ஒரு பெண்ணழைப்பில் வில்லன் நுழைகிற இசையைப் போட்டுவிட்டார். கேட்டதற்கு, "அந்தப் படத்துலயே அதுதானுங்க நல்ல மியூசிக்கு" என்றார். மாமியார் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தால் அவர் என்ன செய்வார்?

இந்த மனிதர் மேல்தான் சந்தேகம் வந்தது. கிளப்பிவிட்டவள் குப்பாயி. காதுகுத்து வீடொன்றில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, அர்த்தனாரியின் மனைவி மேகலாவிடம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏன் மேகலா, உங்க ஊட்டுக்காரரு நாலு குழாய் கட்டறாரு. மூணு சொந்தக்காரங்க ஊரைப் பாக்குது. நாலாவது யாரைப் பாக்குது?"

"எதையோ பாக்குது. உனக்கென்ன?"

"எனக்கென்ன? உனக்குத்தான் கேட்டேன்."

இது சின்னக் கேள்வி அல்ல. எங்கள் பக்கத்தில் குழாய் திரும்பும் திசைக்கு ஒரு மரியாதை உண்டு. எந்தச் சொந்தம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரைப் பார்த்துக் குழாய் கட்டவேண்டும். தன் ஊர்ப் பக்கம் கட்டவில்லை என்று சீர்த்தட்டோடு திரும்பிப்போன தாய்மாமன்கள் இருக்கிறார்கள். நாலாவது குழாயோ பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற மொட்டைப் பாறையைப் பார்த்திருந்தது. அங்கே ஊரில்லை. பாறையடியில் ஒரே ஒரு ஓட்டு வீடு. அதில் ஜெயசுதா இருந்தாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவள். புருஷனோடு ஒத்துவராமல் தனியாக வந்து, தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறவள்.

மேகலா அன்று சாயங்காலமே புருஷனைக் கேட்டாள்.

"அது காத்துக்குத் திருப்புனது புள்ள."

"காத்தே இல்லீங்களே."

மறுநாள் கேட்டதற்கு, மரத்தில் கிளை தடுத்தது என்றார். அதற்கடுத்த நாள் ஒயர் பத்தவில்லை என்றார். காற்று, கிளை, ஒயர் என்று பதில் மாறிக்கொண்டே போனதும் எனக்கே அந்த மனிதர் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது.

அதற்கப்புறம் மேகலா அவரைக் கவனிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு விசேஷத்திலும் பலாச்சுளையம்மாளின் ஒரு மெதுவான பாட்டைப் போடுவார். அது தொடங்கியதும் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை சீவுவார். காலரை இழுத்துச் சரிசெய்வார். ஊரோரத்துச் சாமைக்காட்டு விளிம்புக்குப் போய், எதிர்ச் சரிவைப் பார்த்துக் கண்ணை மூடி நிற்பார். பாட்டு முடிந்ததும் திருவிழாவில் மிட்டாய் வாங்கின பிள்ளை மாதிரி திரும்பி வருவார்.

"பாட்டுக் கேக்கப் போறவரு எதுக்குங்க பெரியம்மா தலை சீவறாரு?" என்று மேகலா என்னிடம் கேட்டாள்.

நியாயமான கேள்வி. தலை சீவின ஆம்பிளையை நான் எப்போதும் இரண்டு தடவை பார்ப்பேன் என்பதை மட்டும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

அவள் துணிப்பையைக் கட்டி, அவர் கண்ணில் படும்படி கதவோரம் வைத்தாள். "வெள்ளிக்கிழமை குழந்தைசாமி அண்ணன் புது ஊட்டுல பால் காய்ச்சறாங்க. அன்னிக்கும் அந்தக் குழாய் அந்தப் பக்கம் திரும்புச்சுன்னா பஸ்ஸேறிக் காரவள்ளிக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன். போனா வர மாட்டேன்" என்று அவரிடமே சொன்னாள். அர்த்தனாரி தலையாட்டினார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் பையைத் தாண்டிப் போனார். நாலாவது குழாயை மொட்டைப் பாறைக்கே கட்டினார்.

பலாச்சுளையம்மாள் பாட ஆரம்பித்தாள். மேகலா பையை எடுக்கவில்லை, என் கையைப் பிடித்தாள். "கையும் களவுமாப் புடிச்சுட்டுத்தான் பஸ்ஸேறுவேன். அவ அங்க என்ன பண்றான்னு பாக்கோணும். வாங்க பெரியம்மா."

பார்த்தால் பாறை பக்கத்தில் இருக்கும். மிளகுக்கொடிகளுக்குள் இறங்கி, ஓடையைத் தாண்டி ஏறினால்தான் தூரம் தெரியும். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பாட்டு முடிந்து மிளகு வந்து, அவரும் பாடி முடித்து, வேறு யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். ஜெயசுதா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். தலை சீவியிருக்கவில்லை. அதை மேகலா முதலில் பார்த்தாள்.

"வாங்கக்கா. ஜாக்கெட்டு தைக்கோணுமா?"

"இல்ல. பாட்டு நல்லாக் கேக்குதான்னு பாக்க வந்தோம்."

"எங்கக்கா நல்லாக் கேக்குது? அங்கிருந்து ஒருக்கா வருது, தலைக்கு மேல பாறையில முட்டி இன்னொருக்கா வருது. ஒரே கூச்சல். உங்க ஊட்டுக்காரருக்கு என்மேல என்ன கோவம்? நான் அவருக்குச் சட்டைகூடத் தைச்சதில்லீங்களே."

"கோவமா? யாரு கண்டா, வேற என்னவோ."

"வேற என்னன்னா?"

மேகலா வீட்டுக்குள் ஒரு பார்வை விட்டாள். உள்ளே துணியும் நூலும்தான் கிடந்தன. அதற்காக அவள் நம்பிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். "ரொம்பத்தான் சாதுவாப் பேசறா" என்று ஓடை வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

நாங்கள் சாமைக்காட்டில் ஏறும்போது அர்த்தனாரி அங்கேதான் நின்றார். அதே பாட்டை மறுபடியும் போட்டிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. பாட்டின் நடுவே வயலின்கள் கூட்டமாக எழும்பி, சட்டென்று நின்றன. இசையமைத்தவர் அங்கே ஒரு மூச்சு இடம் விட்டிருக்கிறார். அந்த வெறும் இடத்தில், எதிரேயிருந்த மொட்டைப் பாறை அந்த வயலின்களைத் திருப்பி வாசித்தது. குழாயின் கரகரப்பு இல்லை. நாமக்கல் தியேட்டரில் பின்வரிசையிலிருந்து கேட்பதுபோல, பெரிதாக, மெதுவாக வந்தது. பாறை முடித்த பிறகுதான் அந்த அம்மாள் அடுத்த அடியைப் பாடினாள்.

கொல்லிமலையில் மேய்ந்த மாடுகளெல்லாம் தலையைத் தூக்கின. நானே எண்ணினேன்.

"இதுக்குத்தானா?" என்றாள் மேகலா.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "பாறைக்குத்தான் புள்ள. வேற எந்தப் பாட்டும் அதுக்கு எடம் உடறதில்ல."

"அப்புறம் ஏன் காத்து, கிளைன்னு பொய் சொன்னீங்க?"

"டீக்கடைல ஒருக்கா சொன்னேன். பாறை மாப்பிள்ளைன்னு பேர் வெச்சுட்டாங்க. நீயும் சிரிப்பேன்னு..."

"பாறைக்கு எதுக்குத் தலை சீவறீங்க?"

"கோயிலுக்குப் போறப்பச் சீவறதில்லையா?"

மேகலா பாறையைப் பார்த்தாள், அதனடியில் இருந்த ஓட்டு வீட்டைப் பார்த்தாள், பிறகு சீப்பைப் பார்த்தாள். பாதி நம்பினாள். மீதிக்கு ஒரு நிபந்தனை போட்டாள். இனிமேல் நாலாவது குழாய் காரவள்ளிப் பக்கம், அவள் அம்மா வீட்டைப் பார்த்துத்தான் திரும்பவேண்டும். பை கதவோரத்திலேயே இருக்கும்.

அடுத்து வந்தது வெங்கிடுசாமி வீட்டுச் சீர். அர்த்தனாரி சொன்னபடியே கட்டினார். பலாச்சுளையம்மாள் பாடினாள், வயலின் எழும்பியது, நின்றது. அந்த இடம் வெறுமனே கிடந்தது. அவர் சீப்பைத் தொடவில்லை, சாப்பிடவும் வரவில்லை. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் காய்ச்சல்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பந்தி நடக்கும்போது பள்ளத்திலிருந்து ஒருத்தி மூச்சு வாங்க ஏறி வந்தாள். ஜெயசுதா. கழுத்தில் அளவு டேப்பு அப்படியே தொங்கியது. நேராக மைக்செட்டுக்குப் போனாள்.

"ஏனுங்க, எங்க பக்கம் ஏனுங்க பாட்டு வரல?"

பந்தியில் ரசம் ஊற்றியவர் இலையை விட்டுத் தரையில் ஊற்றினார். குப்பாயியின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் என்ன சொல்ல.

"கூச்சல்னு சொன்னியே?" என்று மேகலா முன்னால் வந்தாள்.

"கூச்சல்தானுங்கக்கா. திட்டிக்கிட்டேதான் கேட்டேன். இன்னிக்கு அது இல்லாம மெஷின்ல காலே ஓட மாட்டேங்குது."

மேகலா அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள். "சாப்டுட்டுப் போ" என்று இலையைக் காட்டினாள். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். பையைப் பிரித்துச் சேலைகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, காரவள்ளி போகலையா?"

"போறதா? பாட்டு இல்லைன்னதும் பள்ளத்தைத் தாண்டி வந்து நிக்கறா. நான் ஊட்டைக் காலி பண்ணினா என்ன ஆகறது? போகவே மாட்டேன்."

திரும்பி வந்து புருஷனிடம் சொன்னாள்: "குழாயை அந்தப் பக்கமே திருப்புங்க. ஆனா நானும் கூடத்தான் நிப்பேன்."

இப்போது எந்த விசேஷத்திலும் சாமைக்காட்டு விளிம்பில் இருவர் நிற்கிறார்கள். அர்த்தனாரி கண்ணை மூடிக்கொண்டு, மேகலா கண்ணை விரித்து ஓட்டு வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு. போன வாரம் குப்பாயி பக்கத்தில் போய்ச் சீண்டினாள்.

"நீயும் பாட்டுக் கேக்க ஆரம்பிச்சுட்டியா மேகலா?"

"பாட்டையா? நான் அவளைப் பாத்துக்கிட்டிருக்கேன்."

"அவ உள்ள போயி வெகுநேரமாச்சே."

"கொஞ்சம் வாயை மூடுக்கா," என்றாள் மேகலா. "வயலின் நிக்கப்போகுது."