பேஸ் கிட்டாரை எந்த உயரத்தில் மாட்டுவது

முதலில் நெஞ்செலும்புக்குத்தான் கேட்கும். காதுக்குப் பிறகுதான். போன மாதம் கல்லடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். மேடையில் யாரோ பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை ஒருமுறை தட்டிப் பார்த்தார்கள். அந்த அதிர்வு தரையால் வந்து, நான் உட்கார்ந்திருந்த கதிரையின் காலால் ஏறி, என் கழுத்துக்குக் கீழே வந்து நின்றது. தண்ணீர்க் குவளையில் வட்டம் வட்டமாக நடுக்கம். பிசைந்த சோறு கையிலேயே இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். இருபது வயதுப் பொடியன். கிட்டார் முழங்காலுக்குக் கிட்டத் தொங்குகிறது. கம்பியை எட்டுவதற்காக ஒரு பக்கம் சரிந்து, கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிறவன் போல நிற்கிறான். இடது மணிக்கட்டு மடிந்து கிடக்கிறது. இன்னும் பத்து வருடத்தில் அந்தக் கை விறைக்கும் தம்பி, என்று எழும்பிப் போய்ச் சொல்லலாம் போலிருந்தது. போகவில்லை. மண்டபம் நிறையச் சனம். ஒருவர் வாயிலிருந்தும் அவனுடைய கிட்டாரின் உயரத்தைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

என் கிட்டாரின் உயரத்தைப் பற்றி எல்லோரும் கதைத்தார்கள்.

நாட்டில் யுத்தம் ஓய்ந்திருந்த ஒன்றிரண்டு வருடங்கள் அவை. கோயில் திருவிழாக்களுக்கு மறுபடியும் இசைக்குழுக்களைக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் குழுவின் தலைவர் ரெஜி அண்ணன்; கீபோர்ட் வாசிப்பவர். பாட்டுக்குச் சாந்தினி. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவள் வாயைத் திறந்தால் கச்சான் கடலை விற்கிறவன்கூடக் காகிதச் சுருளைச் சுற்றாமல் நிற்பான். பேஸ் வாசித்தவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட, கிட்டார் மட்டும் மிஞ்சியது. மாதா கோயில் பாடகர் குழுவில் சாதாரணக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த என்னை, ஆள் கிடைக்கும் வரைக்கும் என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆள் கிடைக்கும் வரைக்கும். அந்தச் சொல்லை அப்போதே நின்று யோசித்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் எந்தப் பெண் யோசிக்கிறாள்? அந்த நாலு கம்பியோடு மேடையின் முன்வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஒத்திகை புளியந்தீவில் ஒரு தையல்கடையின் பின்னறையில். புதுத்துணியின் கஞ்சி வாசம், தையல் மெஷின் எண்ணெய், மழை நாளில் வாவியிலிருந்து வரும் சேற்று வாடை: மூன்றும் சேர்ந்தால் இன்றைக்கும் என் விரல்கள் தாமாக மடங்கும். கடைக்காரர் காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வருவார். முஸ்லிம் அண்ணனென்று நாங்கள் நானா என்போம். கிட்டாரின் பழைய தோள்வார் வழுக்கி வழுக்கி இறங்கிக்கொண்டிருந்ததால் அவரிடம் கொண்டு போனேன்.

"சட்டைக்கு அளவெடுப்பன், சாரத்துக்கு எடுப்பன். இதுக்கு எங்க புள்ள அளவு?"

"இருந்து வாசிக்கக்குள்ள எங்க இருக்கோ, எழும்பினாலும் அங்கயே இருக்கணும் நானா."

ஸ்டூலில் உட்கார்ந்து காட்டினேன். கிட்டார் தொப்புளுக்குச் சற்று மேலே வந்து அமர்ந்தது. மணிக்கட்டு நேராக இருந்தது. நானா வாரில் சோக்கால் கோடு கிழித்து, வளையம் அந்த இடத்தைவிட்டு அசையாதபடி நூலை நாலு மடிப்பாக்கித் தைத்துவிட்டார். எழும்பி நின்றேன். துளியும் இறங்கவில்லை. விரல்கள் நினைத்த இடத்தில் விழுந்தன.

ரெஜி அண்ணன் வந்து பார்த்தார்.

"என்ன புள்ள, சுளகு புடைக்கியா? கீழ இறக்கு. பாக்கிற ஆக்களுக்கு ஒரு எடுப்பு வேணும்."

பிளேடால் நானாவின் தையலை வெட்டினார். நூல் துணுக்குகள் என் செருப்பில் விழுந்தன. கிட்டார் தொடைக்கு இறங்கியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சட்டை போட்டுப் பார்க்கிற கண்ணாடியில் எனக்கும் அது பிடித்திருந்தது. ஏதோ கசெட் உறையில் கண்ட வெள்ளைக்காரனைப் போலக் காலை அகட்டி நின்றேன். இரண்டு கிழமை, பதினாலு நாளும், அந்தக் கோலம். பிறகு மணிக்கட்டு விறைத்து, தேத்தண்ணிக் கோப்பை கையைவிட்டு நழுவத் தொடங்கியது.

முதல் நிகழ்ச்சி செட்டிபாளையத்தில், ஒரு கோயில் திருவிழா. பின்னேரம் வெயில் இருக்கும்போதே ஒலி சரிபார்த்தோம். விழாக்குழுவில் ஒருவர் ரெஜி அண்ணனைக் கூப்பிட்டார். நான் மூன்றடி தூரத்தில்தான் நிற்கிறேன். என்னோடு அவர் பேசவில்லை.

"தம்பி, அந்தப் பிள்ளைட வார் நெஞ்சுக்குக் குறுக்கால போகுது. குடும்பமா வாற இடம். கொஞ்சம் ஒசத்தி மறைச்சு விடுங்க."

தோளில் மாட்டிய வார் இடுப்புக்குப் போவதென்றால் நெஞ்சின் நடுவால்தான் போக வேண்டும். ஆம்பிளைகளுக்கும் அதே வழிதான். ஆனாலும் ஒசத்தினார்கள். கிட்டார் கழுத்துவரை ஏறி நாடிக்குக் கீழே வந்து முட்டியது. விரல் வைக்கிற கட்டங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. சோதனைப் பாட்டிலேயே இரண்டு இடத்தில் பிசகினேன்.

சாந்தினி திரும்பிப் பார்த்தாள். "என்னகா, பிள்ளைக்கு ஏப்பம் எடுக்கிறியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அந்த மனிதர் மறுபடியும் வந்தார். "இப்பயும் சரியில்ல தம்பி. அந்தப் பிள்ளை கையத் தூக்கக்குள்ள…" மிச்சத்தை விழுங்கிவிட்டார். ஒரு பிளாஸ்டிக் கதிரை வந்தது. அதை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போட்டார்கள்.

"இருந்து வாசி புள்ள. ஒரு சோலியுமில்ல," என்றார் ரெஜி அண்ணன்.

இருந்தேன். கிட்டார் தொப்புளுக்குச் சற்று மேலே வந்து அமர்ந்தது. நானா சோக்கால் கோடு கிழித்த அதே அளவு. அன்றைக்கு வாசித்தது போல் பிறகு ஒருநாளும் நான் வாசிக்கவில்லை. பெட்டியின் பலகை என் முழங்காலில் முட்டி முட்டி அதிர்ந்தது. சனம் எழும்பி ஆடியதாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்புப் பலகையும் இரண்டு வயரும். வாவியில் மீன் பாடுகிறது என்று பெருமைப்படுகிற ஊர் எங்களது. பாடுகிற மீனை யாரும் கண்டதில்லை. காட்டு என்று கேட்டதுமில்லை.

அன்றைக்கு மட்டும் என்றார்கள். களுவாஞ்சிக்குடியிலும் கதிரை, வாழைச்சேனையிலும் கதிரை. ஒத்திகை முடிந்து கோட்டைப் பக்கமாக நடந்தபோது சாந்தினியிடம் கேட்டேன். அவள் இல்லாவிட்டால் குழு இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

"நீ ஒருக்காச் சொன்னா ரெஜி அண்ணன் கேப்பார். அவள் முன்னுக்கு நிண்டாத்தான் நான் பாடுவன் எண்டு சொல்லு. ஒரே ஒருக்கா."

"பாப்பம்கா," என்றாள், வாவித் தண்ணீரைப் பார்த்தபடி.

மூன்று கிழமை பார்த்தாள். நான்காம் கிழமை ஆள் கிடைத்தது. நல்ல உயரமான பொடியன். கிட்டாரைத் தொடைக்குத் தொங்கவிட்டான். யாருக்கும் கண் உறுத்தவில்லை. நாலு பாட்டில் மூன்றுக்கு என்னிடமே வந்து விரல் வைக்கிற இடம் கேட்டான். சொல்லிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அவர்களுடைய வேன் புறப்பட்டபோது சாந்தினி யன்னலோரம் இருந்தாள், தலைமுடியைச் சரிசெய்வதில் மும்முரமாக.

தையல்கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். நானா மவுத்தாகி மண்ணுக்குள் போய்ப் பல வருடம். ரெஜி அண்ணன் லண்டனில் பிறந்தநாள் விழாக்களுக்கு வாசிக்கிறாராம். பேஸ் கீபோர்டுக்குள்ளேயே வந்துவிடுகிறதாம். ஆளும் தேவையில்லை, வாரும் தேவையில்லை. செட்டிபாளையம் நிகழ்ச்சியை ஒருவர் வீடியோ எடுத்திருந்தார். தேடிப் போனேன். அந்தக் கசெட்டுக்கு மேல் வயதுக்கு வந்த யாரோ ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டைப் பதிந்திருந்தார்கள். பச்சைத் தண்ணீர் வார்க்கப்படுகிற அந்தப் பிள்ளை குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். விரல் நுனிகளில் எனக்கு இருந்த காய்ப்பு ஒரு வருடத்திலேயே உரிந்துபோனது. அத்தனை சுருக்காகப் போகுமென்று நான் நினைக்கவில்லை.

சாந்தினி கல்யாணமாகிச் சுவிஸ் போனாள். கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன், போகாமலே இருந்திருக்கலாம். கையில் ஒரு பொட்டலம் தொதல் இனிப்புக் கொண்டு போயிருந்தேன். கண்டக்டர் பைகளை உள்ளே எறிந்துகொண்டிருந்தான். பொட்டலத்தை அவளிடம் கொடுக்கும்போது கேட்டுவிட்டேன்.

"நான் கேட்டதுக்கு, ரெஜி அண்ணனிட்ட ஏன்கா ஒண்டும் சொல்லல்ல?"

அவள் மழுப்பவில்லை. அதற்கு மட்டும் அவளுக்கு நன்றி.

"சொல்லியிருந்தா பெட்டிக்குப் பின்னுக்கு அடுத்தது நான்தானே."

பஸ் உறுமியது. பின்னால் நின்றவர்கள் அவளை இடித்துக்கொண்டு ஏறினார்கள்.

"ஓம்," என்றேன். "கெதியா ஏறு. உன்ட இடம் போகப் போகுது."