அம்பலம் மாமாவின் மந்தை

எங்கள் அம்பலம் மாமா கத்தியை எடுத்துக் கத்தரிக்காயைத் தவிர வேறு எதையும் வெட்டியதில்லை. வள்ளலார் வழிக் குடும்பம். மாதப் பூசத்துக்கு வடலூர் போய்ப் பந்தியில் சாம்பார் வாளி தூக்காவிட்டால் அவருக்கு அந்த மாதமே விடிந்த மாதிரி இருக்காது. குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் முப்பது வருஷம் சூப்பர்வைசர். டோக்கன் இல்லாமல் வந்தவனுக்கும் தட்டு வைத்ததற்காக இரண்டு தடவை மெமோ வாங்கியவர். அந்த மெமோக்களை இன்னும் விருது மாதிரி ஃபைலில் வைத்திருக்கிறார். என் அக்கா ஞானாம்பாளின் வீட்டுக்காரர் அவர். அதனால் இவ்வளவு கிண்டல் செய்ய எனக்கு உரிமை உண்டு.

போன வருஷம் மாமா ரிட்டயர் ஆனார். அதே மாதம் அவருடைய ஒரே மகள் கயல்விழி வேலைக்காக அயர்லாந்து போய்விட்டாள். அப்பாவும் மகளும் போனில் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். அவர் சாப்பிட்டாயா என்பார், அவள் சாப்பிட்டேன் என்பாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு கிடைக்காது. போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள்.

அதற்குக் கயல்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். செம்மண்டலத்தில் இருக்கும் மாமா வீட்டில் விட்டுப்போன தன் பழைய லேப்டாப்பில் மைன்கிராஃப்ட் விளையாட்டை மாமாவுக்குப் பழக்கிவிட்டாள். கட்டம் கட்டமான ஓர் உலகம். அதில் மண் வெட்டலாம், வீடு கட்டலாம், ஆடு மாடு வளர்க்கலாம். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு மாமா லேப்டாப்பைத் திறப்பார். அங்கே நடுப்பகலில் இருக்கும் கயலும் அதே உலகத்துக்குள் வந்துவிடுவாள். செம்மண்டலத்து வீட்டையே படிக்கட்டு முதல் மொட்டைமாடி வரை அதில் கட்டினாள். மதில் எங்கே வைப்பது, கிணறு எங்கே தோண்டுவது என்று இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசினார்கள். அக்கா பொறாமைப்படும் அளவுக்குப் பேசினார்கள்.

கயல் இரண்டு மாடும் இரண்டு ஆடும் பிடித்துக் கொடுத்ததில்தான் வந்தது வினை. அந்த விளையாட்டில் கையில் கோதுமையை எடுத்தால் போதும், பக்கத்தில் உள்ள மாடெல்லாம் வந்து முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். இரண்டு மாட்டுக்கு ஊட்டினால் உடனே ஒரு கன்று பிறந்துவிடும். மற்றவர்கள் தேவைக்கு ஊட்டுவார்கள், மிஞ்சினதை வெட்டிக் கறியாக்குவார்கள். மாமா காலையில் பல் தேய்த்ததும் ஒரு பந்தி, சாயங்காலம் ஒரு பந்தி வைத்தார்.

நான் கேட்டதற்கு, "வாயில்லா ஜீவன் பாத்துக்கிட்டு நிக்குது மச்சான், எப்புடி போடாம போறது?" என்றார்.

மூன்று மாதத்தில் எட்டுக் கொட்டகை. வீட்டு வாசல், மாடிப்படி, மொட்டைமாடி எங்கும் மாடு. கிழட்டு லேப்டாப் பாரம் தாங்காமல் திக்கித் திக்கி ஓடியது. ஒரு ஞாயிறு கயலை விளையாட்டிலிருந்து பதினோரு தடவை வெளியே தள்ளிவிட்டது. அவள் போனில் கூப்பிட்டு, அடுத்த ஞாயிறுக்குள் பாதியை வெட்டிவிடு, இல்லாவிட்டால் இந்த உலகத்தையே அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டாள்.

மாமா ஆடிப்போய்விட்டார். வெட்டவும் மனசில்லை, மகள் கட்டிய வீட்டை அழிக்கவும் மனசில்லை. சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. பொம்மை மாட்டுக்கெல்லாம் விரதமா என்று அக்கா சத்தம் போட்டாள். நான் ஆட்டுக்கறி தின்கிறவன்தானே, கொடுங்கள், நான் முடித்துவிடுகிறேன் என்றேன். அவர் லேப்டாப்பை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

புதன்கிழமை அவரே ஒரு யோசனை கண்டுபிடித்தார், பந்தியை இடம் மாற்றிவிடலாம் என்று. கயலிடம் கேட்டார். நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி உள்ள மாடுகள்தான் லேப்டாப்புக்குப் பாரம், ஆற்றைத் தாண்டித் தூரத்தில் விட்டுவிட்டால் தொந்தரவில்லை என்றாள். கோதுமையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் மந்தை பின்னாலேயே வரும். ஆனால் வழியில் ஒரு வாய்கூட ஊட்டக்கூடாது, ஊட்டினால் போகிற வழியிலேயே பெருகிவிடும். மாமாவை நம்பாமல், ஊட்டுவதற்கு அழுத்தும் மவுஸ் பட்டன் மேல் அக்கா ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள்.

ஞாயிறு வந்தது. முன்னால் கோதுமையோடு மாமா, நடுவில் நடைக்குப் பத்து மாடு, பின்னால் விரட்டிக்கொண்டு கயல். நானும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மூன்று நடை நல்லபடியாக முடிந்தது. நாலாவது நடையில், ஆற்றங்கரையில், ஸ்பீக்கரில் கயல் சிரித்தாள்.

"பாவம்ப்பா இதுங்க. கையில சாப்பாட்ட வச்சிக்கிட்டு காட்டிக்கிட்டே போற."

மாமாவுக்கு வாய் சும்மா இருக்குமா? பழக்க தோஷத்தில் கேட்டார். "நீ சாப்டியா?"

"இல்லப்பா. நேத்து ராத்திரியும் சாப்புடல. தனியா சமச்சி தனியா சாப்புட புடிக்கல. நீ கேக்கும்போதெல்லாம் சாப்டேன்னு சும்மா சொல்லுவேன்."

திரையில் மாமா அப்படியே நின்றுவிட்டார். பத்து மாடும் அவரைச் சுற்றி நின்றன. ஊருக்கெல்லாம் சோறு போட்ட மனுஷன் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போயி அரிசிய வையி கயலு," என்றார். "நீ சாப்ட்டு முடிக்கிற வரைக்கும் நான் இங்கியே நிக்கிறேன். இதுங்களும் நிக்கும்."

அவள் மைக்கை அணைக்காமல் எழுந்து போனாள். குக்கர் விசில் கேட்டது. பிறகு கடுகு வெடித்தது. அக்கா அடுக்களையிலிருந்து வந்து, ரசம் வைக்கிறாள் என்று மெல்லச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் மாமா அசையவில்லை. மாடுகள் அவரைப் பார்த்தன, அவர் மாடுகளைப் பார்த்தார். கடைசியில் கயல் தட்டோடு வந்து உட்கார்ந்து, அப்பளம் கடிக்கும் சத்தத்தோடு சாப்பிட்டாள். நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"சாப்டேன்ப்பா," என்றாள்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு பிளாஸ்திரியைப் பிய்த்தார். "அப்ப இதுங்களுக்கும் போட்டுடட்டுமா?"

"போடுப்பா."

பத்து மாட்டுக்கும் ஊட்டினார். ஆற்றங்கரையில் ஐந்து கன்று பிறந்தது. கயல் திட்டவில்லை. அடுத்த ஞாயிறு என்ன சமைக்கலாம் என்று அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டாள்.