ஓசூர் ரோட்டில் ஒரு டேட்டா சஃபிஷியன்சி கணக்கு

மொபைல்லயே அவசரமா டைப் பண்றேன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

காலையில ஓசூர் தாண்டி, கன்னட எல்லையில இருக்கற அத்திபெலேல பிரைவேட் பஸ் ஏறினேன். மடியில எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு புக். அதுல டேட்டா சஃபிஷியன்சின்னு ஒரு கணக்கு வரும்; விடையே வேணாம், குடுத்த தகவல் போதுமான்னு சொன்னாப் போதும்.

திடீர்னு இன்னொரு பஸ் எங்களை முந்துச்சு. அடுத்த ஸ்டாப் ஜனத்தை அவன் அள்ளிடுவானேன்னு எங்க டிரைவருக்கு வெறி. மேம்பால வேலைக்காக ரோட்டையே பாதியாக்கி வெச்சிருக்காங்க. அதுல ராங் சைடு ஏறிட்டார். எதிர்ல லாரி.

பக்கத்து சீட் அக்கா என் கையைப் பிடிச்சு, "முந்திடுவாராம்மா?"ன்னாங்க.

எங்க ஸ்பீடாமீட்டர் முள் சைபர்லயே செத்துக் கிடக்கு. லாரி வேகம் தெரியாது. நடுவுல எவ்வளவு தூரம்னும் தெரியாது.

"தகவல் போதாதுக்கா"ன்னேன். 

படியில தொங்கின கண்டக்டருக்குப் போதுமா இருந்துச்சு. "ஆகுத்தே அண்ணா, ஹோகு ஹோகு!"ன்னு, அதாவது ஆகும், போ போன்னு, கன்னடத்துல கத்தினார்.

லாரி எங்க சைடு கண்ணாடியைப் பேத்துட்டுப் போச்சு. அக்காவோட நகத் தடம் இன்னும் என் மணிக்கட்டுல இருக்கு.

முதல்ல போய் நின்னோம். ஸ்டாப்ல ஒருத்தர்கூட இல்ல.

பரீட்சையில தப்பு விடைக்குக் கால் மார்க் குறைப்பாங்க. ரோட்டுல எவ்வளவு குறைப்பாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க, நாளைக்கும் அதே பஸ்தான்.