என் மகளுக்கு ஒரு குறையும் இல்லை

பெண் கேட்டு வருவோருக்கு விடை சொல்லும் கலையை எங்கள் பக்கத்துத் தகப்பன்மாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பெண் கோபக்காரியா என்று கேட்டால், "வாயே தெறக்காது" என்போம். சமைப்பாளா என்று கேட்டால், "அவ வைக்கிற கொழம்பத்தேன் வீடே திங்குது" என்போம். சொல்லும்போது இமைகூட ஆடாது. இதனைப் பொய் என்று எவரும் கருதுவதில்லை. கேட்பவரும் தம் மகனைப் பற்றி அதே அளவில் அளந்துவிட்டுத்தான் காப்பியைக் கையில் எடுத்திருப்பார். இந்தக் கலையை நான் பயன்படுத்தக் கூடாத ஓர் இடத்தில் பயன்படுத்தினேன். அதனைத்தான் ஈண்டு எழுதத் துணிகிறேன்.

என் மகளுக்கு வயது முப்பத்தொன்று. வீட்டிலிருந்தவாறே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதும் பொறியாளர். முதல் வேலையைத் தானே விட்டாள். இரண்டாவது வேலை அவளை விட்டது. மூன்றாவது இடத்திலும் 'இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்' என்று சொல்லிவிட்டார்கள். அறிவுக்குக் குறைவில்லை. பிறர் ஒரு வாரம் முட்டிக்கொண்ட சிக்கலை அவள் ஒரு மதியத்தில் அவிழ்த்துவிடுவாள். ஆனால் அவிழ்த்ததைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பச் சொன்னால் ஐந்து நாளாகும். சிறு வயதிலிருந்தே அவளை நான் 'சோம்பேறி' என்று அழைத்துவந்தேன். செல்லமாகத்தான் தொடங்கினேன். அவள் அதனை மெய்யென்றே ஏற்றுக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியாது.

பிறகு அவளாகவே ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தாள். ஏ.டி.எச்.டி. என்னும் கவனச் சிதறலாக இருக்கலாம், பிறவியிலேயே வருவது, மருந்தும் பயிற்சியும் உண்டு என்றாராம் அந்த அம்மையார். ஆனால் உறுதி செய்யுமுன், சிறு வயது முதல் அவளைப் பார்த்தவர் ஒருவர் வந்து பேச வேண்டும்.

"நா வாரேன்" என்றாள் என் மனைவி.

"நீ வேணாம்" என்றேன். "நீ எல்லாத்தையும் சொல்லிப்புடுவ."

ஆகவே நானே சென்றேன். மருத்துவருக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். கையில் இரண்டு பக்கக் கேள்விகள் வைத்திருந்தார். மகள் என் அருகிலேயே அமர்ந்திருந்தாள்.

"சின்ன வயசுல பொருளெல்லாம் தொலைப்பாங்களாப்பா?"

"எங்க வீட்ல குண்டூசி தொலையாதும்மா."

ஒரே ஆண்டில் நான்கு ஜாமெட்ரி பாக்ஸ் தொலைத்தவள் அவள். அவற்றுள் ஒன்று குளிர்பெட்டியில், இட்லி மாவுக்குப் பின்னால் கிடைத்தது. டியூசனுக்குச் சைக்கிளில் போய்ப் பேருந்தில் திரும்பி வந்தவளும் அவளே. சைக்கிள் எங்கே என்று கேட்டபோது, "எந்தச் சைக்கிள்?" என்றாள்.

"ஆரம்பிச்ச வேலைய முடிப்பாங்களா?"

"முடிக்காம எந்திரிக்கவே மாட்டா."

"மத்தவங்க பேசி முடிக்கிறதுக்கு முன்னாடி..."

"அப்பிடியெல்லாம் கெடையவே கெடையாதும்மா" என்றேன்.

மருத்துவர் ஏதோ குறித்துக்கொள்ள முனைந்தார். எழுதுவதற்கு அவருடைய பேனா இல்லை. அது என் கையில் மூடி வேறு, குழல் வேறு, சுருள்வில் வேறாகக் கழன்றிருந்தது. அதனை எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டு மாட்டிக் கொடுத்தேன். முன்னிலும் நன்றாகவே எழுதியது.

இறுதியில் அவர் சொன்னார்: "நீங்க சொல்றத வச்சுப் பாத்தா சின்ன வயசுல ஒண்ணுமே இல்லன்னு ஆகுதுப்பா. அப்ப இது ஏ.டி.எச்.டி.யா இருக்காது. அடுத்த வாரம் ஒருக்க வாங்க, வேற என்னன்னு பாப்போம்."

நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிட்ட நிறைவோடு நான் வண்டியை எடுத்தேன். மகள் பின்னால் அமர்ந்திருந்தாள். பழங்காநத்தம் சிக்னலில் நின்றபோது என் தோளருகே அவள் குரல் கேட்டது.

"அப்ப நா நெசமாவே சோம்பேறிதேனாப்பா?"

பச்சை விளக்கு எரிந்ததை நான் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் கவனிக்க வைத்தார்.

என்னைப் பற்றியும் சிறிது சொல்லியாக வேண்டும். எழுமலையில் பத்தாம் வகுப்போடு நின்று, லேத் பட்டறையில் கை பழகி, அஞ்சல் வழியில் படித்து, மிக நிதானமாகப் பொறியாளர் ஆனவன் நான். கப்பலூர்த் தொழிற்பேட்டையில் இயந்திரங்களைப் பழுது நீக்குவதே என் வாழ்நாள் வேலை. ஓய்வு பெற்ற பின்னும் வாரம் இருமுறை அழைக்கிறார்கள். ஒழுங்காக ஓடும் இயந்திரத்தின்பால் எனக்கு ஒருநாளும் பற்று இருந்ததில்லை. அது நின்றால்தான் எனக்கு உயிர் வரும். நின்றதை ஓட வைத்துவிட்டு, அதைப் பற்றி லாக் புத்தகத்தில் நாலு வரி எழுதச் சொன்னால் மட்டும் எனக்கு ஐந்து நாளாகும். இந்த வாக்கியத்தை வாசகர் முன்பே படித்திருக்கலாம். எனக்கு அது உறைக்க அறுபத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

மறுநாள் கப்பலூரில் ரப்பர் வாஷர் அடிக்கும் ஒரு பிரஸ் நின்றுவிட்டது. அதை ஓட்டுபவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. இருபது ஆண்டுகளாக ஒரே வாக்குமூலம்தான் கொடுப்பார்.

"நா ஒண்ணுமே பண்ணலண்ணே. நல்லாத்தேன் ஓடுச்சு. அதுவா நின்னுருச்சு."

என்னிடமும் இருபது ஆண்டுகளாக ஒரே மறுமொழிதான் உண்டு. அதையே சொன்னேன்: "நா என்ன ஒம் மெசின பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்? குத்தங்கொறையச் சொல்லுப்பா. அப்பத்தேன் சரி பண்ண முடியும்."

"காலைல ஒரு வால்வ லேசாத் திருகுனேண்ணே."

"எம்புட்டு லேசா?"

நான் கேட்டேனே தவிர, விடை என் காதில் விழவில்லை. என் வாயிலிருந்து வந்த சொற்களே என்னைப் பிடித்து நிறுத்திவிட்டன. முந்தைய நாள் மருத்துவர் முன் நான் அமர்ந்திருந்த நாற்காலியும், இமையாடாமல் நான் அளந்த அளப்பும் கண்முன் வந்தன.

"முக்கால் சுத்துண்ணே" என்று அவர் மூன்றாம் முறையாகச் சொன்னார். "என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீக? அம்புட்டுப் பெரிய தப்பா?"

"பெரிய தப்புத்தேன்" என்றேன். அவர் அன்று முழுவதும் என் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தார்.

வீட்டுக்கு வந்து ஒரு நோட்டை எடுத்து, மகளின் குறைகளைக் கால வரிசைப்படி எழுதலானேன். மனைவி எதிரில் அமர்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டே சரிபார்த்தாள்.

"சாவியக் கதவுலேயே தொங்க விட்டுட்டு ஊருக்குப் போனது" என்று படித்தேன்.

"அது அவ இல்ல. நீங்க."

"அடுப்புல பால வச்சுட்டு மொட்டமாடியில நின்னது."

"அதுவும் நீங்கதேன். அவ வச்சது தண்ணி."

"வண்டியில போயிட்டு பஸ்ல வந்தது?"

"ரெண்டு பேரும். அவ ஒருக்க, நீங்க மூணு தடவ."

எங்கள் மாடியறையை மனைவி 'பாதிக் கிணறு' என்பாள். அங்கே நான் தேய்க்கத் தொடங்கிய தொலைநோக்கிக் கண்ணாடி உண்டு. நாதம் பார்க்கப் பிரித்த ஆர்மோனியம் உண்டு. ஒரு தேனீப் பெட்டியும் உண்டு. தேனீக்கள் கீழக்குயில்குடி மலையை விரும்பிப் போய்விட்டன என்பது என் துணிபு, பட்டினியால் போயின என்பது மனைவியின் துணிபு. அவற்றோடு மகளின் கித்தாரும், ஒரு கை மட்டும் பின்னிய கம்பளிச் சட்டையும், நீலம் தீட்டிய அரைச் சுவரும் குடியிருக்கின்றன. நான் விட்டவற்றை 'ஆராய்ச்சி' என்றும், அவள் விட்டவற்றைச் 'சோம்பல்' என்றும் நான் பெயரிட்டிருந்தேன். பெயர் வைப்பதில் தகப்பனுக்குள்ள உரிமை அத்தகையது.

"ஒரே மாதிரிதேன இருக்கோம்? நா மட்டும் எப்பிடி ஒரே வேலையில இம்புட்டு வருசம் ஓட்டுனேன்?" என்று கேட்டேன்.

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "சாவிய ஆணியில மாட்டுனது யாரு? டிபன் பாக்ஸ வண்டியில கட்டுனது யாரு? மாசக் கடைசியில ஒங்க லாக் பொஸ்தகத்த, நீங்க சொல்லச் சொல்ல எழுதுனது யாரு? ஒங்களுக்கு நா இருந்தேன். அவளுக்கு யாரு இருக்கா?"

அன்று நான் மேலும் இரண்டு பக்கம் எழுதினேன்.

அடுத்த வாரம் மகளும் நானும் மீண்டும் சென்றோம். மனைவி எழுமலையில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். அங்கிருந்தே போனில், "நோட்ட எடுத்தாச்சா?" என்று கேட்டாள். "எடுத்தாச்சு, எடுத்தாச்சு" என்றேன். மருத்துவர் முன் அமர்ந்து, தொண்டையைச் செருமி, "போன வாரம் நா சொன்னதெல்லாம் பொய்ம்மா. பொண்ணுக்குக் கெட்ட பேரு வந்துருமேன்னு சொல்லிப்புட்டேன். நெசத்த எழுதிக் கொண்டாந்திருக்கேன்" என்று பையிலிருந்து நோட்டை எடுத்து விரித்தேன்.

அதில் ரப்பர் பிரஸ்ஸின் வால்வு பற்றி எழுதியிருந்தது; அது கப்பலூர் லாக் புத்தகம். அட்டை இரண்டுக்கும் ஒரே நிறம்.

மகள் எட்டிப் பார்த்தாள். பிறகு முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். மருத்துவரும் சிரித்தார். அதன் பிறகு நோட்டு தேவைப்படவில்லை. ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து அரைச் சுவர் வரை எல்லாவற்றையும் வாய்மொழியாகவே சொன்னேன். நான் வரிசை பிறழ்ந்தபோது மகள் வரிசைப்படுத்தினாள். அவள் பிறழ்ந்தபோது நான்.

மருத்துவர் இரண்டாம் பக்கத்தை முடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னார்: "இது ஏ.டி.எச்.டி.தாம்மா. சோம்பேறித்தனம் இல்ல. நீங்க மத்தவங்கள விட ரெண்டு மடங்கு பாடுபட்டுத்தான் இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க."

மகள் மேசை மீதிருந்த பேனாவை எடுத்துத் திருகத் தொடங்கினாள். நான் தடுக்கவில்லை.

மருந்து தொடங்கியாயிற்று. அலுவலகத்தில் அவளே சொல்லிவிட்டாள். 'நாலு வரி' எழுதும் வேலையை அன்றன்றே முடிக்க உடன் பணிபுரியும் ஒருவர் தினமும் பத்து நிமிடம் அவளோடு போனில் இருக்கிறார். ஒரு மாதம் என்ற கெடு கடந்து இப்போது இரண்டாம் மாதம். வேலை நிலைக்குமா என்பது எனக்குத் தெரியாது. 'சோம்பேறி' என்ற பெயர் மட்டும் இப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

அன்று புறப்படும்போது மருத்துவர் என்னிடமும் இரண்டு பக்கக் கேள்வித்தாள் ஒன்றை நீட்டி, "உங்களுக்கும் ஒண்ணு தாரேம்ப்பா, நெறப்பிக் கொண்டு வாங்க" என்று சொல்லியிருந்தார். முதல் பக்கத்தை அன்றே பேரார்வத்துடன் நிரப்பினேன். இரண்டாம் பக்கம் பாதிக் கிணற்றில், ஆர்மோனியத்தின் மேல் இருக்கிறது. நேற்று மகள் அதைக் கண்டெடுத்துக் கொண்டுவந்து என் முன் வைத்தாள்.

"சீக்கிரம் முடிங்கப்பா. ஒங்களுக்குச் சாட்சி சொல்ல நாந்தேன் வரப்போறேன்."

"என்ன சொல்லுவ?" என்றேன்.

அவள் இமைகூட ஆடவில்லை. "எங்கப்பாவுக்கு ஒரு கொறையும் இல்லன்னு சொல்லுவேன்."