நாற்பது டாலர் வகுப்பும் வெல்டாவின் ஃபிரீசரும்

"என் ஃபிரீசரை வித்து நாய் வாங்கின ஆளுகிட்ட போய் நான் உக்காந்து பாடம் கேக்கணுமா? அதுக்குத் திருடனே என்னைச் சுட்டுட்டுப் போகட்டும்!"

வெல்டா என் சமையலறையில் நின்று இப்படிக் கத்தினாள். நானும் விடவில்லை.

"சுடட்டும். உன் சவப்பெட்டிக்கு ஆகிற காசுல நூறு பேர் அவன்கிட்டப் பாடம் கேக்கலாம். நாப்பது டாலர்டி! மத்தியானச் சாப்பாடும் சேர்த்து!"

அவன் என்றால் டாய்ல். வெல்டாவுக்கு இருபத்திரண்டு வருஷம் புருஷனாக இருந்தவன். கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் ஒரு நவம்பர் மாதம் இவள் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது, இவளுடைய பெரிய ஃபிரீசரை, உள்ளே இருந்த இரண்டு மானின் இறைச்சியோடு சேர்த்து விற்றுவிட்டு, ஒரு வேட்டை நாயை வாங்கிக்கொண்டு வந்தான். அந்த நாய்க்குத் துப்பாக்கிச் சத்தம் என்றால் பயம். ஒரு வெடி கேட்டால் போதும், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். விவாகரத்துக்கு என்ன காரணம் என்று நீதிபதி கேட்டபோது வெல்டா ஒரே வார்த்தைதான் சொன்னாள். "ஃபிரீசர்."

அது நடந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. இப்போது அவளுக்கு வயது அறுபத்தொன்று. ஹாலிஸ் என்பவனுக்கு எங்கள் பக்கத்தில் ஆறு ஊர்களில் காசு போட்டுத் துணி துவைக்கும் கடைகள் உண்டு. வெல்டாதான் ஊர் ஊராகப் போய் மெஷினைத் திறந்து, காசைப் பையில் கட்டி, தன் பழைய பிக்கப் வண்டியில் போட்டு பேங்கில் சேர்ப்பாள். பெல்ட் அறுந்தால் அவளே படுத்துக்கொண்டு மாட்டுவாள். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. இந்தக் கத்தலுக்கு முந்தின குளிர்காலத்தில் இரண்டு பேர் அவளைத் தள்ளிவிட்டு ஒரு பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். இவள் சோப்புத் தண்ணீர் கேனை எடுத்து வீசியதில் ஒருத்தன் வழுக்கி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டான். ஆனாலும் பை போனது போனதுதான்.

ஹாலிஸ் பயந்துவிட்டான். "வெல்டா, மே மாசக் கடைசிக்குள்ள துப்பாக்கி லைசென்ஸுக்குப் பாஸான பேப்பரைக் கொண்டாந்து காட்டு. இல்லன்னா என் மச்சான் வேலையில்லாமத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டான். அந்த மச்சானை எனக்குத் தெரியும். ஒரு மெஷினைக் காலையில் திறந்தால் மத்தியானம் மூடுகிறவன். ஆனாலும் அறுபத்தொரு வயதுக்காரிக்கு எங்கள் ஊரில் வேறு எவன் வேலை கொடுக்கப் போகிறான்?

லைசென்ஸ் வேண்டுமென்றால் முதலில் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து, சுட்டுக் காட்டிப் பாஸாக வேண்டும். அதற்குத்தான் வகுப்பு தேடும் படலம். நகரத்தில் ஹோட்டல் அறையில் ஒருத்தன் நடத்தினான். நூற்றைம்பது டாலர், சாப்பாடு தனி. பட்டாளத்திலிருந்து வந்த இன்னொருத்தன் நூற்றிருபது கேட்டான். போனிலேயே "சீக்கிரம் சொல்லு, சீக்கிரம் சொல்லு" என்று அதட்டினான். "தம்பி, நான் உன்கிட்ட சண்டைக்கு வரல, பாடத்துக்கு வரேன்" என்று வெல்டா வைத்துவிட்டாள். மூன்றாவது ஆள் அறுபதுக்கு ஒத்துக்கொண்டான். விசாரித்தால், சொல்லிக்கொடுக்க அவனுக்கே அரசாங்க அனுமதி இல்லை.

கடைசியில் மாட்டுத் தீவனக் கடைப் பலகையில் நான்தான் அந்தச் சீட்டைப் பார்த்தேன். நாற்பது டாலர், தீயணைப்பு நிலையக் கூடம், சனிக்கிழமை. பேர் போடவில்லை, போன் நம்பர் மட்டும்தான். கிழித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். நம்பரைப் பார்த்ததும் வெல்டா முகம் மாறிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் அவள் வீட்டில் மணியடித்த நம்பர் அது. அப்போது ஆரம்பித்த கத்தல்தான் மேலே சொன்னது.

கத்தி முடித்ததும் ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தாள். "நீங்களும் வரணும், மிஸ் ஓப்பல். நான் அவனைக் கொன்னா சாட்சி வேணும்ல" என்றாள். கல்யாணம் ஆனாலும் எங்கள் ஊரில் வயசான பொம்பளைக்கு 'மிஸ்' பட்டம்தான்.

துப்பாக்கியும் நான்தான் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் லாய்ட் காலுறை டிராயரில் வைத்துவிட்டுச் செத்துப்போன சின்ன பிஸ்டல். கூடவே ஐம்பது தோட்டாவும் ஒரு பெட்டியில் இருந்தது. லாய்ட் உருப்படியாக எனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை கூடத்து வாசலில் டாய்ல் நின்றிருந்தான். வெல்டாவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான், மறுபடி கழற்றினான்.

"வா... வாங்க, மேடம். துப்பாக்கி வண்டியில இருக்கா?"

"என் பையிலதான் இருக்குப்பா" என்றேன் நான். "பின்னல் ஊசிக்கு அடியில."

"மிஸ் ஓப்பல்! லைசென்ஸ் இல்லாம இப்படி மறைச்சு வெச்சு நடந்து வரக்கூடாது. அதைச் சொல்லத்தானே இந்த வகுப்பே!"

"எனக்கு எழுபத்தெட்டு வயசு. ஷெரிஃப் வந்து பையைத் தொட்டா ஊசியால குத்துவேன்."

அவனே பையைப் பத்திரமாக வாங்கிக்கொண்டுபோய் வைத்தான். உள்ளே பதினோரு பேர். காலை முழுக்கச் சட்டம். எங்கே கொண்டுபோகலாம், எங்கே கூடாது, எப்போது துப்பாக்கியில் கையை வைக்கக்கூடாது. வெல்டா எழுதிக்கொண்டே இருந்தாள். மத்தியானம் டாய்ல் தானே செய்த மிளகாய்க் கறியும் சோள ரொட்டியும் போட்டான். "உப்பு ஜாஸ்தி" என்றாள் வெல்டா. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வந்தது வினை. அடிதடி இல்லாமல் சண்டையை முடிப்பது எப்படி என்று அந்த வகுப்பில் ஒரு பாடம் உண்டு. அரசாங்கம் வைத்த பாடம், தாண்டிப் போக முடியாது. டாய்ல் புத்தகத்தைத் திறந்தான். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"எதிராளி கோவமா இருந்தா நாம குரலைத் தாழ்த்தணும். அவர் சொல்றதை முழுசாக் கேக்கணும்."

"இதை எப்ப படிச்சீங்க, சார்?" என்றாள் வெல்டா.

"போன வருஷம் ஆஸ்டின்ல, மேடம். பயிற்சியில."

"இருபது வருஷம் லேட்டு."

கூடமே சிரித்தது. பின்வரிசையில் ஒரு லாரிக்காரன், "இப்ப ஜோடி ஜோடியா சண்டை போட்டுக் காட்டணும்னு புத்தகத்துல இருக்கே. நீங்க ரெண்டு பேரும் காட்டுங்க, வாத்தியாரே!" என்றான்.

வண்டி நிறுத்தும் இடத்துக்காக இரண்டு பேர் சண்டை போடுவதாக நடிக்க வேண்டும். வெல்டா எழுந்து வந்தாள்.

"யாரைக் கேட்டு என் இடத்துல நிறுத்தினே?" என்று நல்லபடியாகத்தான் ஆரம்பித்தாள். அடுத்த மூச்சில், "யாரைக் கேட்டு? ஒரு வார்த்தை கேட்டியா? நான் ரெண்டு நாள் உக்காந்து வெட்டிக் கட்டி வெச்ச கறி!" என்றாள்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. டாய்ல் புத்தகத்தை மேசைமேல் வைத்தான். குரலைத் தாழ்த்தினான்.

"கேக்கல. கேட்டிருக்கணும். கேட்டா நீ வேண்டாம்னுடுவேன்னு தெரிஞ்சுதான் கேக்கல. தப்பு என்னோடதுதான்."

"இதுவும் புத்தகத்துல இருக்கா?"

"புத்தகத்துல ஃபிரீசரே இல்லையே, வெல்டா."

வெல்டா இடத்துக்கு வந்து உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன். வெறும் கோடுதான் கிழித்திருந்தாள்.

சாயங்காலம் மேய்ச்சல் நிலத்தில் சுடும் பரீட்சை. ஐம்பது தோட்டா, இருநூற்றைம்பது மார்க், நூற்றெழுபத்தைந்து எடுத்தால் பாஸ். வெல்டா பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டாள். எல்லாம் கீழேயும் இடப்பக்கமும் போயின. டாய்ல் அட்டையை எடுத்து எண்ணினான். மறுபடி எண்ணினான். மூன்றாவது தடவை எண்ணும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நூத்தி எழுபத்தி மூணு" என்றான்.

அன்றைக்கு மே மாதக் கடைசி சனிக்கிழமை. அடுத்த வகுப்பு ஜூனில்தான். ஹாலிஸின் மச்சான் சாவியை வாங்கிக்கொள்வது என் கண்ணிலேயே தெரிந்தது. நான் டாய்ல் பக்கத்தில் போய், "ரெண்டே ரெண்டு மார்க்குப்பா. அந்த ஓட்டை கோட்டு மேலதான் இருக்கு. யாரு பாக்கப் போறா?" என்றேன்.

அவன் பென்சிலைக் கையில் உருட்டினான். வெல்டா காதில் விழுந்துவிட்டது.

"வேண்டாம்! இவன் எனக்கு ரெண்டு மார்க் போட்டா அதைக் கல்லறை வரைக்கும் சொல்லிக் காட்டுவான். இன்னொரு தடவை சுடலாமா, கூடாதா?"

"மூணு தடவை வரைக்கும் விடுவாங்க. ஆனா தோட்டா?"

லாய்டின் பெட்டி காலி. அந்த இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம், புது அரசாங்கம் துப்பாக்கிக்குத் தடை போட்டுவிடும் என்ற பயத்தில் ஊரெல்லாம் தோட்டாவை வாங்கிப் பதுக்கியதில் கடை அலமாரிகள் துடைத்து வைத்ததுபோல் இருந்தன. அதிலும் இந்தச் சின்ன பிஸ்டலுக்கானது மருந்துக்கும் கிடைக்காது. டாய்ல் தன் வண்டிக்குப் போய், முன்பக்கப் பெட்டியிலிருந்து அந்தப் பிஸ்டலுக்கான, பிரிக்காத தோட்டாப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். பழைய பெட்டி. ஒன்பது டாலர் என்று சீட்டு ஒட்டியிருந்தது.

"வெச்சுக்கோ."

"விலையை அப்புறம் பேசலாம்" என்று வாங்கிக்கொண்டாள்.

அவன் அவள் பின்னால் போய் நின்றான். "துப்பாக்கியை என் கழுத்துன்னு நெனச்சுப் பிடிக்கிறே. அதான் கீழ இழுக்குது. கொஞ்சம் தளர்த்து."

"தளர்த்தினா நீ ஓடிடுவே."

"ஓட மாட்டேன். சுடு."

அந்தத் தடவை இருநூற்றிப் பதினான்கு. லாரிக்காரன் தொப்பியைத் தூக்கி எறிந்தான். டாய்ல் பேப்பரில் கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை ஊதி, இரண்டு கையாலும் கொடுத்தான். மறுநாளே ஹாலிஸ் அதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே சாவிக்கொத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டானாம்.

ஆனால் அந்தச் சாயங்காலம் தோட்டா விலைக்கு இரண்டு பேரும் மறுபடி ஆரம்பித்தார்கள்.

"சும்மா வெச்சுக்கோன்னு சொன்னேன்ல?"

"ஓசியில எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"அப்ப ஒன்பது குடு. சீட்டுல அதான் போட்டிருக்கு."

"அது போன வருஷ விலை. இன்னைக்குக் கடையில இருந்தா முப்பது சொல்லுவான். முப்பது வாங்கிக்கோ!"

"முப்பதெல்லாம் அநியாயம், நான் வாங்க மாட்டேன்!"

"வாங்குடா!"

"குரலைத் தாழ்த்துங்க, மேடம்!" என்று லாரிக்காரன் தூரத்திலிருந்து கத்தினான்.

வெல்டா குரலைத் தாழ்த்தினாள். டாய்ல் முழுசாகக் கேட்டான். அந்தப் பெட்டி கடைசியில் இருபத்தொரு டாலருக்கு முடிந்தது.