ஸைனம்புவை மன்னிக்க வந்தவர்கள்

மையித்தைத் தூக்கி அடக்கத்துக்குக் கொண்டுபோவது மூன்று மணிக்கு என்று பள்ளிவாசலில் அறிவித்தாகிவிட்டது. இப்போது இரண்டு பத்து. ஹஸீப் வாசலுக்கும், உம்மா ஸைனம்பு கிடத்தப்பட்டிருந்த ஹோலுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னவர்களிடம் “இருக்கிறேன்” என்றார், இருக்கவில்லை.

ஜனாஸாத் தொழுகைக்கு முன், இறந்தவர் யாரையாவது நோகடித்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று மகன் எழுந்து நின்று கேட்பது வழக்கம். சாதாரண மையித்துக்கு அது அரை நிமிட வேலை. ஸைனம்பு எண்பத்தொன்பது வருடம் மாத்தளையில் வாழ்ந்து, அதில் எண்பத்தேழு வருடம் பேசியவர். ஆகவே சனம் பள்ளிவாசல் வரை பொறுக்காமல் வீட்டுக்கே மன்னிக்க வந்துகொண்டிருந்தது.

முதலில் வந்தவர் பலசரக்கு வியாபாரி அப்துல் ஸமத். ஸைனம்பு முப்பத்தாறு வயதில் விதவையாகி, மூன்று பிள்ளைகளுக்காக ரத்தோட்டை பஸ்ஸில் ஏறி, மிளகும் கராம்பும் வாங்கி விற்றவர். ஒரு மிளகைக் கடித்தால் அது எத்தனை நாள் வெயில் கண்டது என்று சொல்லிவிடுவார்; விற்பவனின் குணத்தையும் கேட்காமலே சேர்த்துச் சொல்வார்.

“சந்தையில வச்சி என்னப் பப்பாசி வெத யாவாரின்னு சொன்னாங்க, மகன்,” என்றார் அப்துல் ஸமத். “மன்னிச்சிட்டேன். அன்னிக்கி மொளகுல கலந்தது ஒரு கைப்பிடிதான்.”

அடுத்தவர் பக்கத்து வீட்டு ஜெயக்காந்தன். யாழ்ப்பாணத்தார், அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“பெருநாளுக்கு வட்டிலப்பம் தந்து விடேக்க, உங்கட வீட்டுப் பொங்கல் மாதிரி இல்ல, இது வாயில வைக்கலாம் எண்டு சொல்லி விடுவா,” என்றார். “மன்னிக்க என்ன கிடக்கு? அடுத்த பெருநாளுக்கு ஆர் அப்பிடிச் சொல்லப் போகினம்?” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி நகர்ந்தார்.

வந்தவர்கள் பிரச்சினையில்லை. வராதவர்தான் ஹஸீபை நடக்கவைத்தார். உம்மாவின் தங்கை நோனா சாச்சி. மனிதர் மன்னிக்காததை அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்று மௌலவி போன வெள்ளிக்கிழமைதான் பயான் பண்ணியிருந்தார்.

இருபத்தேழு வருடத்துக்கு முன், ஹஸீபின் கல்யாணச் சாப்பாட்டில் நடந்தது அது. பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் சஹன். பெண்கள் பக்கம் எல்லாம் நிரம்பி, சின்னப் பிள்ளைகளின் சஹனில் மட்டும் ஐந்து பேர். ஆள் குறைந்த சஹனை ஸைனம்பு பொறுத்ததாக வரலாறில்லை. “நோனா, நீ இதுல இரி,” என்று ஐம்பது வயதுத் தங்கையை நடுச்சபையில் கையைப் பிடித்து உட்கார்த்தினார். நோனா மூக்கொழுகும் ஐந்து பேரோடு சாப்பிட்டு, கை கழுவி, தம்புள்ளைக்குப் போனவர்தான். பிறகு அக்காவோடு பேச்சில்லை.

“சாச்சி வார வழியில நாலந்தா தாண்டிட்டாங்களாம்,” என்றாள் மனைவி நுஸ்லா, கைத்தொலைபேசியோடு.

“ஒரு மணித்தியாலமா நாலந்தாதான் தாண்டுறாங்க.”

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க ஒரு முச்சக்கரவண்டி நின்றது. நோனா இறங்கினார். எழுபத்தேழு வயது, கையில் குடை, முகத்தில் இருபத்தேழு வருடம்.

“சாச்சி, உம்மாவ மன்னிச்சிருங்க,” என்றார் ஹஸீப், ஸலாமைக்கூட மறந்து.

“அது இருக்கட்டும். நானும் தம்புள்ளையில இருந்துக்கிட்டு அவளக் கொஞ்சமாவா பேசினேன்? அவ என்ன மன்னிச்சாளா? அதச் சொல்லு.”

காலையிலிருந்து உம்மாவுக்காக ஊராரின் மன்னிப்பை வாங்கிய ஹஸீபிடம் இப்படி யாரும் கேட்கவில்லை. ஆமென்று சொல்லிவிடலாம். மையித்தை வைத்துக்கொண்டு பொய் சொல்ல மனம் வரவில்லை.

“மன்னிச்சேன்னு சொல்லல்ல, சாச்சி. போன கிழம இடியப்பம் புழியக்கொள்ள நுஸ்லாக்கிட்ட ஒன்னு சொன்னாங்க. நோனா வந்தா மெல்லிசாப் புழி, அவளுக்குப் பல்லில்லன்னாங்க.”

நோனா குடையை மடக்கினார்.

“பல்லில்லயாமா. அவளுக்கு எத்தன இருந்திச்சு?”

“மூனு.”

“எனக்கு அஞ்சு ஈக்கி.”

பெண்கள் வழிவிட, அவர் உள்ளே போய் அக்காவின் தலைமாட்டில் குனிந்தார். வாய் நெடுநேரம் அசைந்தது. ஹஸீபுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை; வாசலில் ஆண்கள் செருமினார்கள். மணி மூன்று ஏழு.

“சாச்சி, மன்னிச்சிட்டீங்களா?”

“பேசிக்கிட்டு ஈக்கேன்ல,” என்றார் நோனா, திரும்பாமலே. “இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. பொறு.”

ஹஸீப், மையித்தைத் தூக்க வாசலில் வைத்திருந்த சந்தூக்கின் பக்கத்தில், அன்று முதன்முறையாக, உட்கார்ந்தார்.