கறுப்பாகப் போனால் நல்லதாம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் என் கணவருக்கு வேலை. ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்கு ஓர் அச்சு வெல்லம் கொடுப்பார்கள். உள்ளே போன தூசியை அது வழித்துக்கொண்டு வந்துவிடுமாம். முகக்கவசம் கேட்டால் வராது, வெல்லம் மட்டும் தவறாமல் வரும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனிதர் அதையும் நம்பினார். நானும்தான்.

இடுப்பு வலி என்றால் கம்பெனி முதலுதவி அறையில் மாத்திரையை அள்ளிக் கொடுப்பார்கள். காலையில் வெறும் வயிற்றில் டீயோடு விழுங்கிவிட்டு ரயிலுக்கு ஓடுவார். ஒருநாள் கக்கூஸிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

"தார் மாதிரி கறுப்பா போவுது. தூசியெல்லாம் வெளிய வந்துக்கினு கீது."

"நல்லதாப் போச்சு. இன்னும் ரெண்டு வெல்லம் கேட்டு வாங்கினு வா," என்றேன். அப்படிச் சொன்ன வாயை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

பத்தே நாளில் மீஞ்சூர் ஸ்டேஷன் படிக்கட்டில் மயங்கி விழுந்தார். அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றினார்கள். டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கம் இரண்டு குழாய் வரைந்து காட்டினார். மூச்சில் போகும் தூசி நுரையீரலுக்குப் போகிறது. வெல்லம் உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்குப் போகிறது. நுரையீரலில் இருப்பதை வெல்லம் எட்டிக்கூடப் பார்க்காது. வலி மாத்திரை இரைப்பையை அரித்துப் புண்ணாக்கியிருந்தது. அங்கே கசிந்த ரத்தம்தான் குடலைக் கடப்பதற்குள் கறுத்துப்போய் வந்திருக்கிறது.

"எத்தனை நாளா இப்படிப் போகுது? நீங்க கவனிக்கலையா?" என்றார்.

கவனித்தோம், சந்தோஷப்பட்டோம் என்று எப்படிச் சொல்வது?

சாயங்காலம் சூப்பர்வைசர் போன் செய்தார். "இன்னாம்மா, எப்ப டூட்டிக்கு வருவாரு?"

"மூக்கை மூட ஒரு துணி குடுக்க வக்கில்ல, வெல்லம் குடுத்து ஏமாத்துறியா?" என்று ஆரம்பித்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

கணவர் என் கையைப் பிடித்தார். "அந்தாள உடு. பக்கத்து மிஷின்காரருக்கும் ஒரு வாரமா கறுப்பாத்தான் போவுதாம். அவர் ஊட்டுக்குப் போன் போடு."

போட்டேன். அவர் மனைவி எடுத்தாள். உடனே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரச் சொன்னேன், உள்ளே ரத்தம் போகிறது என்றேன். காதிலேயே வாங்கவில்லை. கத்தினேன்.

"தூசி வெளிய வருதுன்னு நாங்களே சந்தோசமா கீறோம்," என்றாள் அவள். "நல்ல சேதிக்கு ஏன்க்கா கத்துற?"